நோணாங்குப்பம் வரை நீளாத வரைபடம்

புதுச்சேரியைப் பற்றி எழுதும் எவரும் முதலில் எடுத்துரைப்பது அதன் நேரான வீதிகளையே. கடற்கரைக்கு இணையாகச் செல்லும் நெடுந்தெருக்கள், அவற்றைச் செங்கோணத்தில் வெட்டிச் செல்லும் குறுக்குத் தெருக்கள், நடுவே ஒரு வாய்க்கால், அதற்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே தமிழர் நகரம், தமிழர் நகரின் தென்பகுதியில் முஸ்லிம் தெருக்கள், இவையனைத்தையும் வளைத்துச் செல்லும் புல்வார் சாலை. பள்ளிப் பாடநூல் முதல் சுற்றுலாக் கையேடு வரை இச்சித்திரம் மாறுவதில்லை. இதனைப் பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற கொடை என்று கூறுவதும் ஒரு மரபாகிவிட்டது.

ஒரு நகரின் வரலாற்றை அதன் வரைபடத்தின் வரலாறாகச் சுருக்கிவிடும் இப்போக்கையே இங்கு விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்கிறோம். இது வெறும் ஏட்டு வழக்கு என்று ஒதுக்கிவிடத் தக்கதன்று. எது நகரம் என்று நூல்கள் கூறுகின்றனவோ அங்கேயே புனரமைப்புப் பணமும் சென்று சேர்கிறது. அந்நூல்களில் இடம்பெறாத இடங்கள், கடலூர்ச் சாலையில் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் சுண்ணாம்பாற்றங்கரையில் அமைந்துள்ள நோணாங்குப்பம் போன்றவை, படகுத்துறையாக மட்டுமே அரசின் நினைவுக்கு வருகின்றன.

முதலில் அக்கொடை யாருடையது என்னும் வினாவைப் பார்ப்போம். புதுச்சேரியில் நெடுங்காலம் வாழ்ந்து 2019இல் காலமான வரலாற்றறிஞர் ழான் தெலோஷ், ஹேக் நகர ஆவணக் காப்பகத்திலுள்ள டச்சு வரைபடங்களை ஆராய்ந்து 2004இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் வழியே ஒரு நூலை வெளியிட்டார். பக்க அளவில் சிறிய நூல். ஆயினும் நூறாண்டு நம்பிக்கையொன்றை அது அசைத்துவிட்டது. பீஜப்பூர் சுல்தானின் பிரதிநிதியாக வாலிகண்டபுரத்திலிருந்து ஆண்ட ஷேர்கான் லோடி 1673இல் பிரெஞ்சுக் கம்பெனிக்குப் புதுச்சேரியில் இடமளித்தார். பிரான்சுவா மர்த்தேன் அங்கே கிடங்கும் குடியிருப்பும் எழுப்பினார். 1693இல் டச்சுக்காரர் ஊரைக் கைப்பற்றினர். ரிஸ்விக் உடன்படிக்கைக்குப் பிறகு, 1699இல் திருப்பிக் கொடுத்தனர். இடைப்பட்ட அந்த ஆறே ஆண்டுகளில்தான் தமிழர் நகரின் சதுரங்கக் கட்டம் வரையப்பட்டது என்பதை வரைபடங்களைக் கொண்டே தெலோஷ் நிறுவுகிறார். பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்தபோது அக்கோடுகளை அழிக்கவில்லை. அவற்றின்மீதே தம் நகரை வளர்த்தனர்.

இந்நூலுக்குக் கிடைத்த வரவேற்பு கவனிக்கத்தக்கது. கொடையாளி பிரெஞ்சுக்காரரா டச்சுக்காரரா என்பதோடு பேச்சு நின்றுவிட்டது. ஆவணம் எழுப்பும் பெரிய வினாவை எவரும் தொடரவில்லை. ஒரு வணிகக் கம்பெனி, தனக்கு நிலைக்குமா என்று தெரியாத ஓர் ஊரில், ஏன் தெருக்களை அளந்து கோடு போட வேண்டும்? சோழமண்டலக் கரையில் அன்று கம்பெனிகள் அனைத்தும் தேடி வந்த பொருள் துணி. துணி வேண்டுமெனில் நெசவாளர் வேண்டும். நெசவாளர் வேண்டுமெனில் பாவோட வெளி வேண்டும், நீர் வேண்டும், தம் இனத்தாரோடு சேர்ந்து வாழத் தெரு வேண்டும். கட்டம் அழகுக்காகப் போடப்பட்டதன்று. குடிகளை ஈர்த்து, எண்ணி, வகைப்படுத்தி வைக்கும் கருவி அது. சாதிக்கும் தொழிலுக்கும் ஏற்பத் தெருக்கள் பிரிக்கப்பட்டன. கோடுகள் நேராக இருந்தன. குடியிருப்பு உரிமை நேராக இருக்கவில்லை. தெலோஷ் நூலை மதிப்புடன் வாசிக்கும் நாம், அவர் வரைபடத்தின் மேல் குனிந்திருந்த அளவு அதில் குடியேறியவர்களின் பக்கம் திரும்பவில்லை என்ற குறையையும் சொல்லியாக வேண்டும். ஆவணமே அப்படிப்பட்டது என்று அவர் சார்பில் வாதிடலாம். வாதம் சரியே, குறையும் சரியே.

அதன் பின்னர் நகரம் இருமுறை பெரும் இடிப்புக்கு உள்ளானது. 1748இல் ஆங்கிலேயத் தளபதி போஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டார். அம்முற்றுகையின் முதல் போர் அரியாங்குப்பம் கோட்டையைச் சுற்றியே நடந்தது. தெற்கிலிருந்து வரும் எப்படைக்கும் ஆற்றைக் கடக்கும் வாயில் அதுதான். முற்றுகைக் காலத்தில், செப்டம்பர் மாதம், ஆளுநர் துய்ப்ளேயின் ஆணையால் வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டது. பள்ளிவாசலொன்றுக்கும் அதே நிலை வரவிருந்ததையும், சிப்பாய்ப் படைத்தலைவர் அப்துர் ரஹ்மான் ஆளுநரிடம் சென்று எதிர்த்து நின்றதால் ஆணை திரும்பப் பெறப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு கூறுகிறது. நம்மவருள் சிலர் இந்நிகழ்ச்சியைப் பெருமையோடு எடுத்துச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். பெருமைப்பட இதில் ஏதுமில்லை. ஆயுதம் தாங்கியவர்களின் தொழுகைத் தலம் தப்பியது. கணக்கும் வணிகமும் மட்டுமே கையிலிருந்தவர்களின் கோவில் விழுந்தது. ஒரு நகரில் எது நிற்கும், எது விழும் என்பதை நியாயம் முடிவு செய்யாமல் வலிமை முடிவு செய்தது என்பதே அச்செய்தியின் பொருள்.

1761இல் ஆங்கிலேயர் ஊரையே தரைமட்டமாக்கினர். 1765இல் திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர் பழைய அடித்தளங்களின் மீதே மீண்டும் கட்டத் தொடங்கினர். இன்று நாம் காணும் மஞ்சள் சுவர்களும் உயர்ந்த வாயில்களும் அந்த இரண்டாம் பிறவியைச் சேர்ந்தவை. கட்டடம் அனைத்தும் அழிந்த பின்னும் தெருக்கோடு அழியவில்லை என்பது வியப்புக்குரியதே. நகரமைப்பு வரலாற்றாசிரியர்கள் இதனைக் கோட்டின் வெற்றியாகக் காண்பர். நமக்கு வேறொன்று தோன்றுகிறது. நிலத்தின் மீது உரிமை கொண்டாடியவர்கள் திரும்பி வந்து தத்தம் மனையைத் தேடி நின்றதால் அல்லவா கோடு பிழைத்தது?

தமிழர் நகரின் தெருக்களில் நடப்போர் வரைபடத்தில் இல்லாத ஒன்றைக் காண்பர். வீட்டின் முகப்பிலிருந்து மரத்தூண்கள் தாங்கத் தெருப்பக்கம் இறங்கும் ஓட்டுக் கூரை, அதாவது தாழ்வாரம். அதனையடுத்துச் சுவரோடு ஒட்டிய திண்ணை. தாழ்வாரத்தின் நிழல் வழிப்போக்கருக்கு; திண்ணை வந்தவர்க்கும் வழியில் களைத்தவர்க்கும்; அதற்கும் உள்ளே நடைவழியும் முற்றமும் வீட்டாருக்கு. டச்சுப் பொறியாளர் வரைந்த தெரு இரு கோடுகளுக்கு இடைப்பட்ட வெற்றிடம். அவ்வெற்றிடத்தைப் படிப்படியாகப் பொதுவிலிருந்து தனிமைக்கு இறங்கும் இடமாக மாற்றியவர்கள் குடியிருந்தோர். ஒருவர் தாழ்வாரத்தை இறக்கியபோது அடுத்த வீட்டார் அதன் அளவை ஒத்துத் தம் தாழ்வாரத்தை இறக்கினர். தெரு முழுவதும் ஒரே நிழலாயிற்று. இதற்கு எந்த ஆளுநரின் கையொப்பமும் தேவைப்படவில்லை.

இவ்வகை உடன்பாட்டிற்கு இஸ்லாமியச் சட்ட மரபில் தெளிவான பெயருண்டு. வீட்டுச் சுவரை ஒட்டிய தெருப்பகுதியை, நடப்போருக்கு இடையூறு வராத அளவில், அவ்வீட்டார் பயன்படுத்திக்கொள்ளும் உரிமையை ஃபிக்ஹு நூல்கள் 'ஃபினா' என்னும் சொல்லால் குறிக்கின்றன. பதினான்காம் நூற்றாண்டில் துனிஸ் நகரில் வாழ்ந்த இப்னு அர்ராமி தொழிலால் கொத்தனார்; காஜிகளுக்குக் கட்டட வழக்குகளில் நிபுணராக உதவியவர். சுவர், சாளரம், கழிவுநீர், பொதுச்சுவர், தெருவின் மேல் நீட்டிய மாடம் ஆகியவை பற்றிய வழக்குகளைத் தொகுத்து அவர் எழுதிய நூல் மாலிகி மத்ஹபின் அடிப்படையில் அமைந்தது. அதன் அடித்தளமோ, தீங்கிழைத்தலும் தீங்கிற்குத் தீங்கால் பதில் செய்தலும் ஆகாது என்னும் கருத்தமைந்த நபிமொழி. நகரத்தை மேலிருந்து பார்த்து வரையாமல், இரு அண்டை வீட்டாருக்கு இடையிலுள்ள சுவரிலிருந்து தொடங்கி வளர்த்தெடுத்த சிந்தனை இது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 'இஸ்லாமிய நகரம்' என்றொரு தூய வடிவம் இருந்தது என்று கற்பித்துக்கொள்ளும் ஆசை நம் எழுத்தாளர்களிடம் உண்டு. ஜேனட் அபூ-லுகோத் 1987இல் எழுதிய கட்டுரையொன்றில் அக்கற்பனை எவ்வாறு பிறந்தது என்று காட்டினார்: மக்ரிபின் ஒருசில நகரங்களைக் கண்ட கீழைத்தேயவியலாளர்கள் அவற்றையே உலக முஸ்லிம் நகரங்கள் அனைத்துக்கும் மாதிரியாக்கினர். புதுச்சேரியின் முஸ்லிம் தெருக்களே இதற்கு மறுப்பு. காஜியார் வீதியும் முல்லா வீதியும் டச்சுக் கட்டத்தின் ஒழுங்கிலேயே அமைந்தவை. குத்பா பள்ளிவாசலையும் மீரான் பள்ளிவாசலையும் சுற்றி வாழ்ந்த மக்கள் தமிழ் மரபின் முற்றத்தையும் பிரெஞ்சு மரபின் வளைவுகளையும் தயக்கமின்றி எடுத்துக்கொண்டனர். சைகோனுக்குக் கப்பலேறிய பிரெஞ்சிந்தியத் தமிழ் முஸ்லிம்கள் அங்கே வணிகம் செய்தனர். அந்நகரின் நடுவே தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. அவ்வணிகத்தில் ஈட்டிய பொருள் ஊரிலும் வீடுகளாக எழுந்தது. 'முஸ்லிம் குடியிருப்பு' என்று பலகையில் எழுதி மூன்றாவது வண்ணத்தால் வரைபடத்தில் தீட்டிவிடும் பாரம்பரியக் கையேடுகள் இக்கலப்பைக் காண்பதில்லை.

புனரமைப்புப் பணிகளுக்கு வருவோம். பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டிவிடுவது முறை. 2002ஆம் ஆண்டிலிருந்து 2004 வரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஆசியா அர்ப்ஸ்' திட்டத்தின்கீழ், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ்-சுர்-லோ ஆகிய நகரங்களோடு கைகோத்துப் புதுச்சேரி நகராட்சியும் இன்டாக் அமைப்பும் வைசியாள் வீதியின் ஒரு பகுதியைச் சீரமைத்தன. வெள்ளையர் நகரை விட்டுத் தமிழர் தெருவொன்றைத் தேர்ந்தெடுத்ததே அத்திட்டத்தின் சிறப்பு. மறைந்துபோன தாழ்வாரங்களும் மரத்தூண்களும் மீண்டன. ஒரே தெருவின் வீடுகள் மீண்டும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது அதற்குக் கிடைத்தது தகுதியானதே. குறை என்னவென்றால், சீரமைப்பு முகப்போடு நின்றது. முகப்புக்குப் பின்னால் உடன்பிறந்தாரின் பாகப்பிரிவினையால் துண்டான வீடுகள், வாடகைக்கு விடப்பட்ட அறைகள், பராமரிக்க வகையின்றி விற்கக் காத்திருக்கும் முதியோர் எல்லாம் அப்படியே இருந்தனர். ஒரு வீட்டை இடிக்கத் தூண்டுவது பெரும்பாலும் உள்ளேயிருக்கும் கணக்கே. வெளிப்பூச்சு அக்கணக்கைத் தொடுவதில்லை.

மேரி கட்டடத்தின் கதை இதனினும் கூர்மையானது. 1870-71இல் எழுப்பப்பட்ட நகரமன்றக் கட்டடம், பல்லாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்து, 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. பழைய வடிவிலேயே மறுபடி கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 15 கோடி ரூபாய். அப்பணம் வந்த வழி எது? உலக வங்கிக் கடனுதவியில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் நடைபெற்ற கடலோரப் பேரிடர் இடர் குறைப்புத் திட்டம். 2004இன் ஆழிப்பேரலையும் 2011இன் தானே புயலும் தாக்கிய கரையோர மக்களின் பாதுகாப்பை முன்வைத்துப் பிறந்த திட்டம் அது. கடற்கரைச் சாலையில் நிற்கும் கட்டடமும் கடலோரத்தில்தானே இருக்கிறது என்று அதிகாரிகள் விளக்கம் கூறலாம். விதிகளின் எழுத்துக்கு அது பொருந்தக்கூடும். ஆனால் குடிசையில் வாழ்பவனின் இடரும் தூண்களோடு நிற்கும் நகரமன்றத்தின் இடரும் ஒரே தலைப்பில் எழுதப்படும்போது முதலாவது பின்தள்ளப்படும் என்பதை அறிய பெரும் புலமை வேண்டியதில்லை.

இதில் கசப்பான வேடிக்கை ஒன்றும் உண்டு. மேரி என்ற சொல்லே மேயரின் அலுவலகத்தைக் குறிப்பது. பிரெஞ்சிந்தியாவில் கொம்யூன் ஆட்சிமுறை 1880இல் வந்தது. இணைப்புக்குப் பின்னர் 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 2006இல்தான் நடந்தது. முப்பத்தெட்டு ஆண்டு இடைவெளி! அவ்வாறு தேர்வானவர்களின் காலம் 2011இல் முடிந்த பின்னர் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தேர்தல் நடைபெறவில்லை. எனவே கோடிக்கணக்கில் செலவிட்டு மீட்கப்பட்ட நகரமன்றத்தில், திறப்பு விழா நாளன்று, அமர்வதற்கு மன்றம் இல்லை. உருவம் மீண்டது, அவ்வுருவம் எதற்காக எழுந்ததோ அது மீளவில்லை.

2017 ஜூனில் புதுச்சேரி மத்திய அரசின் சீர்மிகு நகரத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. அத்திட்டமும் பழைய புல்வார் நகரப் பகுதியையே தன் மையமாகக் கொண்டது. தமிழர் நகரின் நடுவே உள்ள குபேர் அங்காடியை இடித்துக் கட்டும் யோசனை எழுந்தபோது வணிகர்கள் எதிர்த்து நின்றனர். தரைக்கடைக்காரர், மீன் விற்கும் பெண்கள், பூக்கட்டுவோர் ஆகியோர் கட்டுமான காலத்தில் எங்கே செல்வர், திரும்பி வரும்போது அவர்களுக்கு அதே இடம் கிடைக்குமா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. எந்த நகரப் புனரமைப்பிலும் அடிப்படையான கேள்வி அதுதான்.

நூறாண்டுகளுக்கு முன் இதே கேள்வியைத் தமிழ் மண்ணில் கேட்டவர் ஒருவர் உண்டு. ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடெஸ் 1914-15இல் சென்னை மாகாண நகரங்களை நடந்தே பார்த்து அறிக்கை எழுதினார். சுகாதாரம் என்ற பெயரில் நெருக்கமான தெருக்களை அகல நேர்ச்சாலைகளால் கிழித்துச் செல்லும் பொறியாளர் வழக்கத்தை அவர் கண்டித்தார். நோயுற்ற உறுப்பை மட்டும் தொட்டு மற்றதைக் காக்கும் அறுவையே நகருக்கும் உகந்தது என்பது அவர் கொள்கை. ஓரிரு பாழடைந்த வீடுகளை அகற்றி வெளி உண்டாக்கினால் போதும், ஒரு தெருவையே அகற்ற வேண்டியதில்லை. 1920இல் சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் வந்தது. சட்டம் நிலைத்தது, கெடெஸ் மறக்கப்பட்டார்.

காப்பதிலும் கேடு உண்டு என்பதற்குச் சான்று மொராக்கோ. 1912இல் அங்கே பிரெஞ்சு ஆட்சியை நிறுவிய லியோத்தே, பழைய மதீனாக்களை இடிக்கக் கூடாது என்று ஆணையிட்டார். கட்டடக்கலைஞர் ஆன்ரி ப்ரோஸ்தைக் கொண்டு அவற்றுக்கு அப்பால் ஐரோப்பியருக்குப் புதுநகரங்கள் அமைத்தார். மதீனாவின் மீது அவர் கொண்ட அன்பு உண்மையானதாகவே இருக்கலாம். ஆயினும் நீர்க்குழாய், விரிந்த சாலை, முதலீடு அனைத்தும் புதுநகருக்குச் சென்றன. உள்ளூர் மக்கள் காட்சிப் பொருளான மதீனாக்களுக்குள் நெருக்கியடித்து வாழ்ந்தனர். அபூ-லுகோத் ரபாத் நகர் பற்றி 1980இல் எழுதிய நூலில் இதனை நகர்ப்புற இனஒதுக்கல் என்றே வகைப்படுத்தினார். புதுச்சேரியில் நிலைமை தலைகீழ்: இங்கே பழைய பகுதிக்குப் பணமும் பார்வையும் செல்கின்றன, புதிதாக மக்கள் குவியும் ஓரங்களுக்குச் செல்வதில்லை. ஆனால் தர்க்கம் ஒன்றே. பார்க்கத் தக்க நகரம், வாழ விடப்பட்ட நகரம் என்னும் பிரிவு.

அந்த இரண்டாவது நகரம் கடலூர்ச் சாலையில் தெற்கே நீள்கிறது. முதலில் முதலியார்பேட்டை. பஞ்சாலைகளைச் சுற்றி வளர்ந்த தொழிலாளர் குடியிருப்புகள் இப்பகுதியின் வரலாறு. 1936 ஜூலை 30இல் இங்கே பிரெஞ்சுப் படையின் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் பன்னிருவர் உயிரிழந்தனர். மறு ஆண்டில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. ரோடியர் ஆலை என்று மக்கள் அழைத்த ஏ.எஃப்.டி. 2020இல் மூடப்பட்டது. ஆலை மூடினால் கட்டடத்தைப் பாரம்பரியச் சின்னமாக்கலாமா என்று விவாதம் எழுகிறது. தொழிலாளர் வீடுகளுக்கு அவ்விவாதத்தில் இடமில்லை. பின்னர் முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் ஆறு, அரியாங்குப்பம், அதற்குப் பின் நோணாங்குப்பம். பதினெட்டாம் நூற்றாண்டில் நகரைச் சூழ்ந்திருந்த முள்வேலியின் தென்னெல்லை அரியாங்குப்பம் ஆற்றோடு நின்றது. வேலி மறைந்து இருநூறாண்டாயிற்று. அதன் நிழல் இன்னும் ஆற்றோடு நிற்கிறது.

ஊர்ப்பெயர்களின் ஈறுகளைக் கொண்டே இந்நிலப்பரப்பின் நகரமைப்பு வரலாற்றை எழுதிவிடலாம் என்று நமக்குச் சில வேளை தோன்றுவதுண்டு. பேட்டை என்றால் வணிகமும் தறியும். பாளையம் என்றால் படையும் காவலும். சாவடி என்றால் சுங்கமும் வழிப்போக்கும். குப்பம் என்றால் நீரோரத்து எளிய குடியிருப்பு. முதல் மூன்றும் நகருக்குத் தேவைப்பட்டதால் நகரம் அவற்றை விழுங்கிக்கொண்டது. குப்பங்களை அது விழுங்கவுமில்லை, ஏற்கவுமில்லை. நோணாங்குப்பம் இன்றும் அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. சுண்ணாம்பாற்றின் படகுக் குழாமும், படகேறிச் சென்றடையும் கடலோர மணல்திட்டும் அதனை விளம்பரங்களில் கொண்டுவந்து சேர்த்தன. அங்கே செல்வோருள் எத்தனை பேர் ஊருக்குள் நடந்திருப்பர் என்பது ஐயமே.

இத்தகைய ஊர்களுக்குப் பொதுவீட்டு வசதி என்பது பெரும்பாலும் காமராஜர் நூற்றாண்டையொட்டிப் புதுச்சேரி அரசு தொடங்கிய கல்வீடு கட்டும் திட்டத்தின் வழியாகவே வந்தது. குடிசையை அகற்றிக் காங்கிரீட் கூரையிட அரசு தவணை முறையில் மானியம் அளிக்கிறது. அடுக்குமாடிக்குப் பெயர்க்காமல், இருந்த இடத்திலேயே கட்டிக்கொள்ள விடுவதால் இத்திட்டத்தை நாம் உயர்வாகவே மதிக்கிறோம். சென்னையோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். 1970இல் நல்ல நோக்கத்துடன் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம் முதல் ஆண்டுகளில் குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்புகளை எழுப்பியது. பின்னர் அதன் போக்கு மாறியது. 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகர எல்லைக்கு வெளியே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கொண்டுபோய் வைக்கப்பட்டன. வேலை நகரில், வீடு முப்பது கிலோமீட்டருக்கு அப்பால்! 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாற்றப்பட்டது.

எனினும் கல்வீட்டுத் திட்டத்தின் வரம்பும் வெளிப்படை. மனை உடையவனுக்கே மானியம். ஆற்றுப் புறம்போக்கிலோ பிறர் நிலத்திலோ குடியிருப்பவனுக்குத் திட்டம் தொடங்குவதே இல்லை. மேலும் அது வீட்டைத் தருகிறது, தெருவைத் தருவதில்லை. தனித்தனி மானியத்தில் எழும் தனித்தனிக் கான்கிரீட் பெட்டிகளுக்கு இடையே கழிவுநீர் எங்கே ஓடும், வலை உலர்த்த இடம் எது, முதியவர் மாலையில் எங்கே அமர்வார் என்பவற்றை எவரும் வரைவதில்லை. தாழ்வாரமும் திண்ணையும் வைசியாள் வீதியில் பாரம்பரியம். இங்கே அதே திண்ணையைக் கட்டினால் அது ஆக்கிரமிப்பு.

ஆழிப்பேரலைக்குப் பின் நேர்ந்ததும் இதற்கு அண்மையானதே. தமிழக அரசு 2005 மார்ச் 30இல் வெளியிட்ட ஆணை, உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வாழ்ந்தோர் அகன்று சென்றால் புதிய வீடு இலவசம் என்றது. இருந்த இடத்திலேயே இருக்க விரும்புவோர் இருக்கலாம், ஆனால் அரசுதவி கிடையாது. விருப்பம் என்று எழுதப்பட்ட கட்டாயம்! எகிப்தில் ஹஸன் ஃபத்ஹீ 1940களின் பிற்பகுதியில் குர்னா மக்களுக்காக மண்ணால் எழுப்பிய அழகிய சிற்றூரை இங்கே நினைக்கிறோம். குவிமாடங்களும் முற்றங்களும் கொண்ட அவ்வீடுகளைப் புகழாத கட்டடக்கலைஞர் இல்லை. குர்னா மக்களுள் பெரும்பாலோர் அங்கே குடிபோகவில்லை. அவர்களின் பிழைப்பு பழைய மலையடிவாரத்தில் இருந்தது. வடிவம் நன்றாக இருப்பதும் போதாது, கேட்டுச் செய்ய வேண்டும் என்பதை ஃபத்ஹீயே தம் நூலில் வருத்தத்தோடு ஆராய்ந்தார்.

நோணாங்குப்பத்துக்கு அண்மையிலேயே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், காக்காயந்தோப்பில் அரிக்கமேடு கிடக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது ஆற்றோரம் செங்கற் கிடங்கொன்றும், வேறோர் இடத்தில் தொட்டிகளோடு கூடிய முற்றங்களும் வெளிப்பட்டன. அத்தொட்டிகள் மஸ்லின் துணிக்குச் சாயமேற்றப் பயன்பட்டிருக்கலாம் என்று அவர் கருதினார். பின்னர் வந்த அறிஞர்கள் அவருடைய காலக்கணிப்புகளில் பலவற்றைத் திருத்தினர். அது எவ்வாறாயினும், டச்சுக்காரர் ஆற்றுக்கு வடக்கே கோடு போடுவதற்கு ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, வேலிக்கு வெளியே என்று பின்னாளில் ஒதுக்கப்பட்ட தென்கரையில் கடல் வணிக ஊரொன்று வாழ்ந்திருக்கிறது. புதுச்சேரியின் நகரமைப்பு வரலாற்றை எழுதுவோர் அரிக்கமேட்டைத் தொல்லியல் அத்தியாயத்தில் வைத்துவிட்டு, 1673இலிருந்து நகரத்தைத் தொடங்குகின்றனர். ஆற்றின் இரு கரைகளையும் ஒரே பக்கத்தில் வரைந்த வரலாறு இன்னும் எழுதப்படவில்லை.

அது எழுதப்படும் வரை காத்திருக்க இயலாத காரியம் ஒன்று உண்டு. புதுச்சேரி நகர், ஊரமைப்புச் சட்டம் 1969ஆம் ஆண்டினது. நகரமைப்புச் சட்டங்களின்கீழ் வரைவுத் திட்டங்கள் இறுதியாக்கப்படுமுன் மக்கள் ஆட்சேபணைக்கு வைக்கப்படுவது நடைமுறை. அவ்வரைவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், அலுவலகச் சுவரொன்றில், குறுகிய கால அளவோடு வந்து போகின்றன. மீனவப் பஞ்சாயத்துகளுக்கும் ஜமாஅத்துகளுக்கும் ஆலயக் குழுக்களுக்கும் அவற்றின் படி ஒன்று தமிழில், வரைபடத்தோடு, நேரில் அனுப்பப்பட வேண்டும். காஜியார் வீதியின் வக்ஃபு மனைகளுக்கும் நோணாங்குப்பத்தின் ஆற்றோரக் குடிகளுக்கும் அதே வரைபடத்தில் வெவ்வேறு வண்ணங்களே தீட்டப்பட்டிருக்கும். இரு சாராரும் அதனை ஒரே மேசையில் விரித்து வைத்துப் படிக்க முடிய வேண்டும்.